நெல் அறிந்த பகை

நுழையும்முன்

செடிக்குக் கண்ணில்லை, காதில்லை, பகை கண்டு ஓடி ஒளியக் காலுமில்லை. ஆயினும், தன்மேல் வந்து படிந்தது தூசியா, நோய்க்கிருமியா என்பதை அது பிரித்தறிகிறது. கிருமி என்று அறிந்தால் எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பை முடக்குவதற்காகக் கிருமி செடியின் செல்லுக்குள் சில புரதங்களைச் சுரந்து அனுப்புகிறது. அப்புரதங்களின் செயலையும், கோயம்புத்தூரில் உருவான ஒரு நெல் இரகம் அவற்றைப் பற்றி உலகிற்குக் கற்பித்ததையும் விளக்குகிறது இப்பாடம்.

பனி இரவில் ஒரு வித்து

காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் தழைத்து நிற்கும் மாதங்களில் இரவு குளிர்ந்து இலைகளின்மேல் பனி படியும். வெயில் ஏறும்வரை அந்த ஈரம் காயாது. பட்டறிவு மிக்க உழவர்கள் அக்காலத்தில் வரப்பில் நின்று இலைகளைத் திருப்பிப் பார்ப்பர். இருமுனையும் கூர்ந்து, நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் உள்ள புள்ளிகள் தென்படுகின்றனவா என்று தேடுவர். பார்வைக்குக் கண்போல் தோன்றும் அப்புள்ளி குலைநோயின் அடையாளம். நோய் இலையோடு நின்றுவிட்டால் இழப்பு குறைவு. கதிரின் கழுத்தைத் தாக்கினாலோ மணி பால்பிடிக்காமல் பதராகும். கழுத்தொடிந்து கதிர் தொங்கும். ‘குலை’ என்னும் பெயர்ச்சொல் கொத்தைக் குறிக்கும். ‘குலைதல்’ என்னும் வினை சிதைவதைக் குறிக்கும். நோய்க்குப் பெயரிட்டவர் எதனை எண்ணி இட்டாரோ, இரண்டும் பொருந்தவே செய்கின்றன. 1919ஆம் ஆண்டில் தஞ்சைப் படுகையில் இந்நோய் பெருவாரியாகப் பரவிப் பயிரை அழித்தது. இந்தியாவில் குலைநோய் ஆராய்ச்சி வேகம் பெற்றது அதன் பின்னரே.

இந்நோயை உண்டாக்குவது மேக்னபோர்த்தே ஒரைசே என்னும் பூஞ்சை. இதற்குப் பைரிகுலேரியா என்ற பெயரும் உண்டு. பேரிக்காய் வடிவ வித்துகளை உடையது என்பது அப்பெயரின் கருத்து. மூன்று அறைகள் கொண்ட அவ்வித்து காற்றில் மிதந்து வந்து ஈர இலையில் விழுகிறது. விழுந்ததும் தன் நுனியிலிருந்து பசைபோன்ற பொருளை வெளியிட்டு ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முளைவிடுகிறது. முளையின் நுனி பருத்துக் குமிழாகிறது. குமிழின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிகிறது; உள்ளே கிளிசரால் சேர்கிறது. மெலனின் படிந்த சுவர் நீரை உள்ளே விடும். கிளிசராலை வெளியே விடாது. ஆதலால் நீர் மேலும் மேலும் உட்புகுந்து குமிழினுள் அழுத்தம் பெருகுகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வரை அது உயர்வதுண்டு. மகிழுந்தின் சக்கரத்தில் நாம் நிரப்பும் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 40 மடங்கு. அந்த அழுத்தத்தால், குமிழின் அடியிலிருந்து ஊசிமுனை போன்ற ஓர் இழை இலையின் மேற்றோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. குலைநோய்க்கு உழவர்கள் தெளிக்கும் டிரைசைக்ளசோல் என்னும் மருந்து, மெலனின் உருவாவதைத்தான் தடுக்கிறது. மெலனின் இல்லையேல் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் துளையும் இல்லை.

இவ்வளவு வன்முறையோடு நுழைந்த பூஞ்சை, தான் நுழைந்த செல்லை உடனே கொல்வதில்லை என்பதே வியப்பு. ஊதிய பலூனில் விரலை அழுத்தினால் பலூன் கிழியாமல் விரலைச் சூழ்ந்து குழிவதுபோல, செல்லின் சவ்வு கிழியாமல் பூஞ்சை இழையைச் சூழ்ந்து குழிகிறது. அக்குழிவுக்குள் பூஞ்சை வளர்கிறது. ஏறத்தாழ ஒருநாள் அச்செல் உயிரோடு இருக்கிறது. தன் வயிற்றுக்குள் பகைவன் கிளைவிட்டு வளரும்போது, உயிரோடிருக்கும் செல் ஏன் எதிர்க்கவில்லை?

முதற்காவல்

இவ்வினாவிற்கு விடைகாணச் செடியின் காவல்முறையை முதலில் அறிதல் வேண்டும். மனித உடலில் குருதியோடு சுற்றிவந்து கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் உண்டு. செடிக்கு அத்தகைய அலைந்து திரியும் படை இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குத்தானே காவல். செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பதிந்துள்ளன. கிருமியின் உடலில் தவறாமல் இருப்பதும், செடியின் உடலில் இல்லாததுமான பொருள் எதுவோ அதனை அவை தேடுகின்றன. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் உண்டு. செடியில் கைட்டின் இல்லை. பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் கசையிழை ஃபிளாஜெலின் என்னும் புரதத்தால் ஆனது. செடியில் அதுவும் இல்லை. ஆகவே ஏற்பியில் ஒரு கைட்டின் துணுக்கு வந்து ஒட்டினால், பூஞ்சை வந்துவிட்டது என்று செல் முடிவு செய்யலாம். நெல்லில் கைட்டினைப் பற்றும் இத்தகைய ஏற்பி ஒன்றை ஜப்பானிய அறிவியலார் 2006ஆம் ஆண்டில் இனங்கண்டனர்.

ஏற்பி தூண்டப்பட்ட சில நிமிடங்களில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, கிருமியைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. தாக்கப்பட்ட இடத்தில் செல்சுவர் தடிக்கிறது. கிருமியைக் கொல்லும் வேதிப்பொருள்கள் உருவாகத் தொடங்குகின்றன. கைட்டினைச் சிதைக்கும் நொதிகளையும் செடி வெளியிடுகிறது; அதனால் பூஞ்சையின் சுவரிலிருந்து மேலும் துணுக்குகள் உதிர்ந்து, எச்சரிக்கை இன்னும் வலுக்கிறது. செடியின்மேல் நாள்தோறும் வந்து விழும் எண்ணற்ற கிருமிகளுள் பெரும்பாலானவை இந்த முதற்காவலைத் தாண்டுவதில்லை. நோய்களைப் பற்றிப் படிப்போர் மறந்துவிடும் உண்மை ஒன்று இங்கு உண்டு. செடிக்கு நோய் வருதல் இயல்பன்று, அது விதிவிலக்கு.

எதிர்ப்பை முடக்கும் புரதங்கள்

அந்த விதிவிலக்கை உண்டாக்குவன கிருமிகள் சுரக்கும் சில புரதங்கள். அறிவியலார் இவற்றை ‘எஃபெக்டர்’ என்பர். நாம் இப்பாடத்தில் சுரப்புப் புரதம் என்றே வழங்குவோம். குலைநோய்ப் பூஞ்சையின் மரபணுத் தொகுதி 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் செல்லுக்கு வெளியே சுரக்கப்படக்கூடியவை எனக் கணிக்கப்பட்ட புரதங்கள் மட்டும் எழுநூறுக்கு மேல். அனைத்தும் எதிர்ப்பை முடக்குபவை அல்ல. எனினும் படைக்கலக் கொட்டில் எவ்வளவு பெரிது என்பதை இதனால் உணரலாம்.

அவற்றுள் ஒன்று, பூஞ்சை இழைக்கும் அதனைச் சூழ்ந்த செல்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியில் சுரக்கப்படுகிறது. உதிரும் கைட்டின் துணுக்குகளை நெல்லின் ஏற்பி பற்றுவதற்கு முன்னரே இப்புரதம் பற்றிக்கொள்கிறது. திருடன் தன் காலடித் தடங்களைத் தானே அழித்துக்கொண்டு நடப்பது போன்ற செயல் இது. இப்புரதத்திற்குரிய மரபணுவை நீக்கிய பூஞ்சையால் முன்போல் நோயை உண்டாக்க இயலவில்லை. வேறு சில புரதங்கள் செல்லின் உள்ளேயே செல்கின்றன. பூஞ்சை இழையின் நுனியருகே சிறு தொப்பிபோன்ற ஓர் அமைப்பு உருவாகிறது. உட்செல்லும் புரதங்கள் அதில் திரள்கின்றன. உள்ளே சென்றவற்றுள் சில அடுத்த செல்லுக்கும் முன்கூட்டியே பரவுகின்றன. பூஞ்சை வந்து சேரும்முன்னர் அங்குள்ள காவல் தளர்த்தப்படுகிறது. ஏவிஆர்-பிஇசட்-டி என்னும் புரதம், எதிர்ப்பைத் தூண்டும் நெல்லின் புரதம் ஒன்றைச் சிதைந்துபோகச் செய்கிறது.

பாக்டீரியாவின் வழி வேறு. அது செடியின் செல்லுக்கு வெளியே தங்கி, மருத்துவர் பயன்படுத்தும் ஊசி போன்ற ஒரு நுண்குழாயால் புரதங்களை உள்ளே செலுத்துகிறது. தக்காளியில் புள்ளிநோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் இன பாக்டீரியா ஏறத்தாழ 30 வகைப் புரதங்களை இவ்வாறு செலுத்துகிறது. அவற்றுள் ஒன்றின் செயல் தனித்து நோக்கத்தக்கது. செடியின் செல்லில் பழுதான புரதங்களை அகற்ற ஓர் ஒழுங்குமுறை உண்டு. அகற்றப்பட வேண்டிய புரதத்தின்மேல் யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் குறியாக ஒட்டப்படும். பாக்டீரியா செலுத்தும் அப்புரதம் இந்தக் குறியை, ஃபிளாஜெலினை அறியும் ஏற்பியின்மேல் ஒட்டிவிடுகிறது. செல் தன் காவலனைக் குப்பையென்று கருதித் தானே அப்புறப்படுத்துகிறது. யுபிகுவிட்டின் முறை பாக்டீரியாவின் உடலில் கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். தன்னிடம் இல்லாத ஒரு முறையை இயக்கும் கருவியை அது வைத்திருக்கிறது. அக்கருவிக்கு வேலை செடியின் செல்லுக்குள் மட்டுமே.

நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது செலுத்தும் புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நெல்லின் மரபணுவின்மேலேயே அமர்ந்து அதனை இயக்குகிறது. அவ்வாறு இயக்கப்படுவது சர்க்கரையைச் செல்லிலிருந்து வெளியேற்றும் ‘ஸ்வீட்’ என்னும் மரபணுவாகும். வெளியேறிய சர்க்கரை, வெளியே காத்திருக்கும் பாக்டீரியாவிற்கு உணவாகிறது. இப்புரதம் மரபணுவில் தனக்குரிய இடத்தை எவ்வாறு கண்டுகொள்கிறது என்பதற்கான குறியீட்டு விதியை 2009ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டு உழவர்கள் ‘ஆந்திரா பொன்னி’ என்று வழங்கும் சம்பா மசூரி (பிபிடி 5204) இரகம் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகும். ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து, மூன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கலப்பினம் வாயிலாக இந்த இரகத்தில் சேர்த்தன. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்னும் பெயரில் அது 2008ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அம்மூன்றனுள் ஒன்றின் பெயர் எக்ஸ்ஏ 13. சர்க்கரையை வெளியேற்றும் மரபணுவின் முகப்பு சற்றே மாறிய வடிவமே அது. பாக்டீரியாவின் புரதம் வந்து அமர அங்கு இடமில்லை.

ஆயுதமே அடையாளம்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு நோக்கினால் கிருமியின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும். ஆனால் செடியினிடம் இரண்டாம் காவல் ஒன்று உண்டு. அதற்கான தடயம் முதலில் கிடைத்தது நெல்லில் அன்று. ஆளி விதைப் பயிரில். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஆளிச் செடியின் துரு நோயை ஆராய்ந்த ஹெரால்டு ஹென்றி ஃபிளார், 1940களில் ஓர் உண்மையைக் கண்டார். செடியிலும் பூஞ்சையிலும் ஒருசேரக் கலப்பினம் செய்து அவர் கணக்கிட்டார். செடியில் எதிர்ப்பைத் தரும் ஒவ்வொரு மரபணுவிற்கும் இணையாகப் பூஞ்சையில் ஒரு மரபணு இருந்தது. இரண்டும் சந்தித்தால் நோய் வராது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் நோய் வரும். இதனை ‘மரபணுவிற்கு மரபணு’ என்னும் கோட்பாடாக இன்று கற்பிக்கிறோம்.

அவர் காலத்தில் இது ஒரு புதிராகவே இருந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் மரபணுவைப் பூஞ்சை ஏன் சுமந்து திரிகிறது? பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே விடை தெளிவாயிற்று. காட்டிக்கொடுப்பது வேறெதுவும் அன்று. செடியை முடக்க அனுப்பப்பட்ட அதே சுரப்புப் புரதம்தான். செடியின் செல்லுக்குள் வேறொரு வகை ஏற்பிகள் உள்ளன. நெல்லில் மட்டும் இவற்றிற்கான மரபணுக்கள் நானூறுக்கு மேல் உள்ளன. உள்ளே நுழைந்த சுரப்புப் புரதத்தையோ அது விளைத்த சேதத்தையோ இவற்றுள் ஒன்று அறிந்துகொண்டால், எதிர்ப்பு முன்னிலும் கடுமையாக எழுகிறது. தாக்கப்பட்ட செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள செல்லை நம்பி வளரும் பூஞ்சை அதனோடு அடைபட்டு நின்றுவிடுகிறது. இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் எஞ்சும். வயலில் அத்தகைய புள்ளியைக் காணும்போது அது நோயன்று, நோய் தடுக்கப்பட்ட இடம் என்று கொள்ளலாம்.

கோ 39

கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கு உருவான இரகங்கள் ‘கோ’ என்னும் முன்னொட்டோடு எண் பெறுகின்றன. அவற்றுள் 39ஆம் இரகம் குலைநோய்க்கு மிக எளிதில் ஆளாவது. உழவர்க்கு அது குறை. ஆய்வாளர்க்கோ அதுவே பயன். எந்த எதிர்ப்பு மரபணுவின் வலிமையையும் அளக்க வேண்டுமானால், தனக்கென எதிர்ப்பு குறைந்த ஒரு பயிரில் அதனைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதற்குக் கோ 39 ஐத் தேர்ந்தனர். வெவ்வேறு நாட்டு நெல் இரகங்களிலிருந்து ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவாகக் கோ 39 இல் சேர்த்து உருவாக்கிய வரிசையை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலகின் பல ஆய்வகங்களில் குலைநோய் வித்துகளைத் தெளித்து, நோய் வரும் என்ற உறுதியோடு எதிர்பார்க்கும் பயிராகக் கோ 39 நிலைபெற்றது.

இப்பயிரைக் கொண்டே எதிர்பாராத ஒன்றைக் கண்டனர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பிரெஞ்சு கயானாவில் நெல்லிலிருந்து சேகரித்த பூஞ்சை ஒன்று கோ 39 ஐத் தவறாமல் தாக்கியது. அதனோடு அவர்கள் கலப்பினம் செய்தது, தன் முன்னோருள் ஒன்று நெல்லில் வாழாத ஓர் ஆய்வகப் பூஞ்சையாகும். எராகிராஸ்டிஸ் என்னும் மேய்ச்சல் புல்லில் வாழ்ந்தது அம்முன்னோர். கலப்பினத்தின் வழித்தோன்றல்களில் ஏறத்தாழப் பாதி கோ 39 ஐத் தாக்கின; மறுபாதியால் தாக்க இயலவில்லை. ஒரே ஒரு மரபணு இவ்வேறுபாட்டை உண்டாக்கியது. அது புல்லில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து வந்திருந்தது. 1998ஆம் ஆண்டில் அம்மரபணுவைப் பிரித்தெடுத்து, கோ 39 ஐத் தாக்கிய பூஞ்சைக்குள் செலுத்தினர். அதன்பின் அப்பூஞ்சையால் கோ 39 ஐத் தாக்க இயலவில்லை.

எல்லா நோய்க்கும் இடங்கொடுப்பது என்று பெயர் பெற்ற இரகத்தில் ஓர் எதிர்ப்பு ஏற்பி இருந்தது. அது அறியும் புரதம் நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளிடம் இல்லாததால் அந்த ஏற்பி வாளாவிருந்தது. புல்லில் இருந்து வந்த அம்மரபணுவிற்கு இரகத்தின் பெயரையே சேர்த்து ஏவிஆர் 1 - கோ 39 எனப் பெயரிட்டனர். பன்னாட்டு ஆய்விதழ்களில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது. ‘கோ’ என்ற ஓரெழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது என்பதை அறியாமலே பல நாட்டு மாணவர்கள் அதனை எழுதி வருகின்றனர்.

நெல் வைத்த பொறி

கோ 39 அப்புரதத்தை எவ்வாறு அறிகிறது? ஜப்பானிலும் பிரான்சிலும் 2011 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. காவல் இருவர் கையில் உள்ளது. ஆர்ஜிஏ 4, ஆர்ஜிஏ 5 என்பன அவற்றின் பெயர்கள். ஆர்ஜிஏ 4 தனித்து விடப்பட்டால் செல்லை மாய்த்துவிடும். கிருமி வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதனை அடக்கிப் பிடித்திருப்பது ஆர்ஜிஏ 5. கட்டிவைத்த வேட்டை நாயையும் அதன் கயிற்றைப் பற்றியவரையும் போல இவ்விரண்டும் இணைந்து நிற்கின்றன. பூஞ்சையின் சுரப்புப் புரதம் வந்து ஆர்ஜிஏ 5 இன் இறுதிப் பகுதியில் ஒட்டினால் பிடி தளர்கிறது, செல் இறக்கிறது, பூஞ்சை நிற்கிறது.

அந்த இறுதிப் பகுதிதான் இவ்வமைப்பின் நுட்பம். உலோக அயனிகளைப் பற்றும் ஒருவகைப் புரதத்தின் சாயல் அதற்கு உண்டு. ஏற்பிக்கும் உலோகத்திற்கும் என்ன தொடர்பு? இத்தகைய புரதங்கள் நெல்லில் வேறு பல உள்ளன. பூஞ்சை குறிவைப்பது அவற்றையே எனக் கருதப்படுகிறது. ஜப்பானின் மேட்டு நில நெல் ஒன்றில் இவ்வகைப் புரதம் பழுதாகியிருப்பதால் குலைநோய்க்கு நீடித்த எதிர்ப்பு உண்டு என்பது 2009ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. (அந்த நெல்லின் எதிர்ப்பை அறிந்தும் இனப்பெருக்க வல்லுநர்கள் நெடுங்காலம் பயன்படுத்த இயலவில்லை. அதனைக் கலந்தால் சோற்றின் சுவை கெட்டது. சுவையைக் கெடுத்தது மிக அருகில் இருந்த வேறொரு மரபணு என்று தெரிந்து, இரண்டையும் பிரித்த பின்னரே பயன் கிட்டியது.) ஆக, பகைவன் நாடும் பொருளின் போலி ஒன்றை நெல் தன் காவலனின் உடலிலேயே பொருத்தி வைத்திருக்கிறது. எலி நாடும் தேங்காய்த் துண்டைப் பொறியில் வைப்பது போன்றது இது. இந்த ஒரே பொறியில் ஏவிஆர்-பியா என்னும் மற்றொரு புரதமும் அகப்படுகிறது. அவ்விரு புரதங்களின் அமினோ அமில வரிசைகளில் ஒற்றுமை காண்பது அரிது. ஆனால் அவை மடிந்திருக்கும் வடிவம் ஒன்றே.

இழந்து வென்ற பூஞ்சை

ஏவிஆர் 1 - கோ 39 மரபணு எங்கெல்லாம் உள்ளது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடி, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பிற புல்லினங்களில் வாழும் இதே இனப் பூஞ்சைகளில் அது இருந்தது. பழுதின்றி இயங்கும் நிலையிலும் இருந்தது. நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் மட்டும் அந்த இடம் சிதைந்து கிடந்தது. நெல்லுக்குரிய பூஞ்சை பிற புற்களின் பூஞ்சையிலிருந்து பிரிந்த தொடக்கக் காலத்திலேயே இம்மரபணுவை இழந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பூஞ்சை புதிய கருவி ஒன்றைப் பெற்றதால் மட்டும் புதிய பயிரைத் தாக்குவதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் கருவியைக் கைவிடுவதாலும் தாக்குகிறது.

ஒரு கருவியைக் கைவிடுவது பூஞ்சைக்கு இழப்பே. அதற்கெனச் செய்து வந்த வேலை நின்றுபோகும். ஆனால் நூற்றுக்கணக்கான புரதங்கள் கைவசம் உள்ள பூஞ்சையால் அந்த இழப்பைத் தாங்க முடிகிறது. ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பிப் பரந்த பரப்பில் பயிரிட்ட இரகங்கள் சில ஆண்டுகளிலேயே நோய்க்கு ஆளாவது இதனால்தான். இரகம் ‘வலுவிழந்துவிட்டது’ என்று பேச்சுவழக்கில் கூறுகிறோம். இரகம் மாறவில்லை, பூஞ்சைதான் மாறியது.

இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதற்குக் கோதுமையே சான்று. 1985ஆம் ஆண்டில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முறையாகக் கோதுமையில் குலைநோய் தோன்றியது. அதற்குமுன் கோதுமை இந்நோயை அறியாது. காரணத்தை 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு விளக்கிற்று. புற்களில் வாழும் பூஞ்சையின் சுரப்புப் புரதம் ஒன்றை அறிந்து தடுக்கும் மரபணு பெரும்பாலான கோதுமை இரகங்களில் இருந்தது. அம்மரபணு இல்லாத இரகம் அப்பகுதியில் பரவலாகப் பயிரிடப்பட்டது. தடையற்ற அவ்வயல்களில் பூஞ்சை குடியேறிப் பெருகியது. பெருகியபின் அப்புரதத்தையே இழந்த பூஞ்சைகள் தோன்றி, எதிர்ப்பு மரபணு உடைய இரகங்களையும் தாக்கின. தென் அமெரிக்காவிலிருந்த அவ்வகைப் பூஞ்சை 2016ஆம் ஆண்டில் வங்கதேசத்தில் தோன்றி, ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. எல்லைக்கு இப்பால், மேற்கு வங்கத்தின் நதியா, முர்சிதாபாத் மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதையே அரசு சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. விதைக்க நிலமிருந்தும் விதைக்கக் கூடாத நிலை உழவர்க்கு நேர்ந்தது. அந்த இரகத்தை விரும்பிப் பயிரிட்ட பிரேசில் உழவரின்மேல் பழியில்லை. அதில் எது இல்லை என்பதை அறியும் வழி அன்று எவரிடமும் இல்லை.

மீண்டும் வயலுக்கு

இன்று அவ்வழி உண்டு. ஒரு வட்டாரத்துப் பூஞ்சையிடம் எந்தெந்தச் சுரப்புப் புரதங்கள் உள்ளன என்பதை மரபணுச் சோதனையால் அறிந்து, அவற்றை அறியும் ஏற்பிகளை உடைய இரகத்தைத் தேர்ந்து பயிரிட இயலும். பூஞ்சையால் இழக்க முடியாத புரதம் எது என்று தேடுவோரும் உளர். ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து வைப்பது மற்றொரு வழி. ஒரே நேரத்தில் பல கருவிகளைக் கைவிடுவது பூஞ்சைக்கு அரிது. உழவர் செய்யத்தக்க எளிய தற்காப்பும் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் மிகும். ஆதலின் யூரியாவை அளவறிந்து, பிரித்து இடுதல் வேண்டும். எதிர்ப்பு மரபணு எதுவாயினும் இதற்கு விலக்கில்லை.

ஆர்ஜிஏ 5 இன் பொறியை மாற்றியமைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இறுதிப் பகுதியில் சில அமினோ அமிலங்களை மாற்றினால், முன்பு அறியாத சுரப்புப் புரதத்தையும் அது அறியுமா என்பதே வினா. ஒரு முயற்சி, ஆய்வகத்தில் பயன்படும் புகையிலை இனச் செடியின் இலையில் வெற்றி கண்டது. அதே மாற்றத்தை நெல்லில் செய்தபோது பயிர் நோய்க்குத் தப்பவில்லை. வேறொரு குழுவினர் வேறு வகையில் மாற்றியமைத்த ஏற்பி நெல்லிலேயே எதிர்ப்பைத் தந்தது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளும் பணி தொடர்கிறது. அவ்வாய்வுகளில் வித்து தெளித்து நோயை எதிர்நோக்கும் தட்டுகள் சிலவற்றில் இன்றும் வளர்ந்து நிற்பது கோ 39. அதன் ஒவ்வொரு செல்லிலும் ஆர்ஜிஏ 4 ஐப் பிடித்தவாறு ஆர்ஜிஏ 5 காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரிலோ அருகிலோ நெல் பயிரிடும் உழவர் ஒருவரைச் சந்தித்து, அவர் இதுவரை பயிரிட்ட இரகங்களையும், எந்த இரகத்தை எந்த நோய்க்காகக் கைவிட்டார் என்பதையும் கேட்டு ஆண்டு வாரியாக எழுதுக. கைவிடப்பட்ட இரகத்தின் விதை இன்று எவரிடமேனும் உள்ளதா என உசாவி வகுப்பில் கலந்துரையாடுக.